புது அரிசி ஏன் குழைகிறது?

"பொங்கலுக்குப் புது அரிசிதான் போடணும்னு பாட்டி சொல்றாங்களே, பழைய அரிசி போட்டா என்ன ஆகும்?" என்று அக்கா மகள் கேட்டாள். தை பிறக்கும்போது சம்பா நெல் வீட்டுக்கு வரும், அதைச் சூரியனுக்குப் படைக்கிறோம் என்பது அவளுக்கே தெரியும். பானைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அவள் கேள்வி.

பொங்குவதை முதலில் முடித்துவிடுவோம். பாலில் உள்ள புரதம் நீராவிக் குமிழிகள் மேல் படலமாகப் படிந்து அவற்றை உடையவிடாமல் காக்கிறது, கூட ஊற்றும் அரிசி களைந்த தண்ணீரில் இருக்கும் மாவுச்சத்து நுரையைக் கெட்டியாக்குகிறது, பானைக் கழுத்து குறுகல் என்பதால் நுரை விறுவிறுவென மேலே ஏறுகிறது. எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்து வருஷப் பலன் சொல்வார்களே, அது பானை சாய்ந்திருக்கும் பக்கமும் தீ எரியும் பக்கமும்தான். எங்கள் வீட்டில் கிழக்கே வழியட்டும் என்று அப்பா பானையை லேசாகச் சாய்த்தே வைப்பார்.

சரி, அரிசி. ஒரு பருக்கை என்பது நெருக்கி அடுக்கிய மாவுச்சத்து மணிகள். சூடு ஏற ஏற அவை தண்ணீரை உறிஞ்சி உப்பும், உள்ளேயிருந்து அமைலோஸ் என்ற நீளச் சங்கிலி போன்ற மாவுச்சத்து மூலக்கூறு வெளியே கசியும். வடிகஞ்சி கொழகொழப்பாக இருப்பது அதனால்தான். புது அரிசியில் இந்தக் கசிவுக்குத் தடை குறைவு, அதனால் பருக்கை சீக்கிரம் உடைந்து குழைகிறது.

அதே அரிசியைச் சில மாதம் மூட்டையில் போட்டு வைத்தால், வெளியே பார்க்க ஒன்றுமே நடக்கவில்லை, உள்ளே பெரிய வேலை நடக்கிறது. மாவு மணிகளைச் சுற்றியுள்ள புரதங்களில் இருக்கும் கந்தக அணுக்கள், காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டு, ஒன்றோடொன்று கைகோத்து வலை பின்னுகின்றன. நம் தலைமுடிக்கு உறுதி தருவதும் இதே கந்தகப் பிணைப்புதான்! இன்னொரு பக்கம், அரிசியில் இருக்கும் துளியூண்டு கொழுப்பு சிதைந்து கொழுப்பு அமிலமாகிறது. அமைலோஸ் ஒரு சுருள்வில் மாதிரி சுருளும். அந்த அமிலத்தின் நீண்ட வால் சுருளுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. பள்ளியில் அரிசிக் கஞ்சியில் அயோடின் விட்டதும் நீலமாகுமே, அங்கேயும் அயோடின் போய் உட்கார்வது இதே சுருளுக்குள்தான். வால் நுழைந்த சுருள் எளிதில் கரைந்து வெளியே வராது. பருக்கை உடையாமல் நிறையத் தண்ணீர் குடித்து நீள்கிறது. "பழைய அரிசிதான் சோறு காணும்" என்று வீட்டில் சொல்வது இதைத்தான். பிரியாணிக்கு அது வேண்டும், பொங்கலுக்கு வேண்டாம்.

நெல்லை அதிகம் விளைவிக்க நடக்கும் ஆராய்ச்சியில் பாதியாவது, விளைந்த நெல்லைப் பாதுகாப்பதற்கும் நடக்கலாம் என்பது என் ஆதங்கம். டெல்டாவில் கொள்முதலுக்குக் காத்திருக்கும் நெல் மழையில் நனைவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அப்புறம் வெல்லம். ஒரு வருஷம் அவசரத்தில் அரிசி முக்கால் பதத்தில் இருக்கும்போதே வெல்லத்தைக் கொட்டிவிட்டேன். சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், மாவு மணி உப்ப இன்னும் அதிகச் சூடு கேட்கும். அரை மணி நேரம் கிண்டியும் அரிசி விறைத்துக்கொண்டே நின்றது, புது அரிசியும் உதவவில்லை. இப்போதெல்லாம் ஒரு பருக்கையை விரல் நடுவே வைத்து நசுக்கி, நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியாவிட்டால்தான் வெல்லத்தில் கை வைக்கிறேன்.