அன்இன்கார்ப்பரேட்டட் கம்யூனிட்டி: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்க ஊர்களைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் 'ஒருங்கிணைக்கப்படாத சமூகம்' என்ற தொடர் தட்டுப்படும். படித்தால், ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள்போல என்றுதான் தோன்றும்.

மூலச்சொல் லத்தீனின் 'கார்பஸ்', அதாவது உடல். ஓர் ஊரைச் சட்டத்தின் கண்ணில் தனி ஆளாக ஆக்குவதுதான் 'இன்கார்ப்பரேட்'. அப்படி ஆன ஊர் தன் பெயரில் சொத்து வாங்கலாம், வரி போடலாம், வழக்காடலாம். 1688இல் சென்னைக்கு வந்த 'கார்ப்பரேஷ'னும் இதே வேர்தான். 'அன்' சேர்ந்தால் அந்தத் தகுதி இல்லை. 'கம்யூனிட்டி' இங்கே சமூகமல்ல, வெறும் ஊர்.

கலிபோர்னியாவின் பெல்டனை எடுத்துக்கொள்வோம். பெதர் ஆற்றின் வடகிளை குடைந்த மலையிடுக்கில், 70ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து பாலம் தாண்டினால் வரும் சிற்றூர். (ஆற்றின் ஸ்பானியப் பெயரில் 'புளூமாஸ்' என்றால் இறகுகள், பெல்டன் அடங்கிய கவுண்டியின், அதாவது நம் மாவட்டம்போன்ற பிரிவின், பெயரும் அதுவே.) பசிபிக் கிரெஸ்ட் நெடுநடைப் பாதை இங்கேதான் ஆற்றைக் கடக்கிறது. ஊருக்கு மேயரும் இல்லை, நகரமன்றமும் இல்லை. காவலுக்குக் கவுண்டியின் காவல் அதிகாரியான ஷெரிப், கட்டட அனுமதிக்குக் கவுண்டி, நெடுஞ்சாலைக்கு மாநிலம்.

சின்ன ஊர் என்பதால் இப்படி என்று நினைத்து 'குக்கிராமம்' என்று எழுதிவிடக் கூடாது. புளூமாஸ் கவுண்டியில் 'சிட்டி' ஆன ஊர் போர்ட்டோலா ஒன்றே. கவுண்டியின் தலைமையிடமான குவின்சியே ஆகவில்லை! கலிபோர்னியாவில் புதிதாக நகராட்சி அமைக்கக் குறைந்தது 500 வாக்காளர்கள் வேண்டும். மனு வழியாகப் போனால் அவர்களில் 25 சதவீதத்தினர் கையெழுத்திட்டு, உள்ளாட்சிகளின் எல்லைகளை முடிவுசெய்யும் ஆணையம் ஒப்பி, பிறகு ஊரார் வாக்களிக்க வேண்டும். பெரும்பாலும் இடறுவது பணத்தில்தான்: காவலுக்கும் சாலைக்கும் உள்ளூர் வரி போதாது என்று கணக்கு வந்தால் ஆணையத்திலேயே நின்றுவிடும்.

'உள்ளாட்சி இல்லாத ஊர்' என்பது நெருங்கி வருகிறது, ஆனால் நியூ ஜெர்சியில் உதைக்கும். அங்கே ஓரடி நிலம்கூட நகராட்சிக்கோ, பல ஊர்ப்பகுதிகளை அடக்கக்கூடிய உள்ளாட்சியான டவுன்ஷிப்புக்கோ வெளியே இல்லை. அந்த டவுன்ஷிப்புக்குள் இருக்கும் ஊர்ப்பகுதியையும் இதே பெயரால்தான் அழைக்கிறார்கள். ஆகவே 'தனி நகராட்சி இல்லாத ஊர்' என்பதே எங்கள் தேர்வு. 'தனி' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு கண்ணி: பெல்டனுக்கு மக்கள்தொகைக் கணக்கும் வரைபட எல்லையும் உண்டு. அது தலைக்கணக்குக்காக மத்திய அரசு போட்ட கோடு. அதை 'நகர எல்லை' என்று எழுதினால் பிழை.