பாண்டா தூங்கினால் தூங்க விடுங்கள்

சீனாவின் சிச்சுவானில் ஜனவரி நடுப்பகுதி எங்களுக்குக் கூட்டமில்லாத காலம். புது வருட விடுமுறைக்கு வந்தவர்கள் கிளம்பியிருப்பார்கள், சீனப் புத்தாண்டுக் கூட்டம் இன்னும் ஆரம்பித்திருக்காது. காலை எட்டு மணிக்குக்கூட மூங்கில் தோப்பில் பனி விலகியிருக்காது. பாண்டா மூங்கில் தண்டைக் கடித்து உடைக்கிற சத்தம் நாலு கொட்டில் தள்ளி நின்றாலும் கேட்கும், யாரோ கரும்பு கடிப்பது போல. இந்தப் பாண்டா மையத்தில் கால்நடை மருத்துவராக எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான். அந்த நேரத்தைப் பற்றியே இப்போது கோபத்தோடு எழுத வேண்டியிருக்கிறது.

எட்டு வயதுப் பெண் பாண்டா ஒருத்தி போன வாரம் ஒரு மாலையிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை. சுவரோரம் சுருண்டு படுத்துவிட்டாள். பாண்டாக்களுக்கு அவ்வப்போது குடலிலிருந்து சளி கட்டியாக வெளியேறும். அது வெளியேறி முடியும்வரை வயிற்று வலி, சோர்வு, சாப்பாடு கிடையாது. பராமரிப்பாளரும் நானும் இரவெல்லாம் மாறி மாறி கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விடியற்காலையில் சளி வெளியேறியது. ஆறு மணி வாக்கில் ஒருவழியாகத் தூங்கினாள்.

எட்டேகாலுக்கு டக், டக், டக் என்று சத்தம். யாரோ மோதிரம் போட்ட விரலால் கண்ணாடியைத் தட்டுகிறார்கள். கூடவே தமிழ்க் குரல்: "ஏய், எழும்பு! எழும்பு!"

ஓடிப்போய்த் தடுத்தேன். தமிழில் பேசியதும் அவருக்கு ஆச்சரியம். "அண்ணே, இவ்வளவு தூரம் காசு செலவழிச்சு வந்திருக்கோம், இது படுத்தே கிடக்கு. பிள்ளைங்க பார்க்கணும்ல? கொஞ்சம் எழுப்பிவிடுங்களேன்" என்றார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அவள் அதற்குள் எழுந்துவிட்டாள். பின்கதவு வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். எட்டு அடி அந்தப் பக்கம், எட்டு அடி இந்தப் பக்கம். நாற்பது நிமிடம் அப்படியே நடந்தாள். பிள்ளைகள் "நடக்குது, நடக்குது" என்று கை தட்டினார்கள். எங்கள் பதிவேட்டில் அந்த நடைக்குத் தனிக் குறியீடு உண்டு. அது மனக்கலக்கத்தின் அறிகுறி.

மலேசியர்களுக்கும் சிங்கப்பூரர்களுக்கும் விசா தேவையில்லை என்றான பிறகு நம் ஆட்கள் சிச்சுவானின் தலைநகரான செங்டூவுக்கு நிறைய வருகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். அதனால்தான் தமிழிலேயே சொல்கிறேன்.

பாண்டா சோம்பேறி இல்லை. இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அது பிறப்பால் கரடி. குடல் மாமிசம் தின்னும் விலங்கின் குடல்: குட்டையானது. மாட்டுக்கு இருப்பது போல நாலு அறை வயிறு கிடையாது. அந்தக் குடலை வைத்துக்கொண்டு மூங்கிலைத் தின்கிறது. தின்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட உடம்பில் ஒட்டாது, மிச்சம் அப்படியே வெளியே வந்துவிடும். அதனால்தான் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் தின்றுகொண்டே இருக்கிறது, 40 தடவைக்கு மேல் சாணமும் போடுகிறது. (வடிவம் அச்சு அசல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. நாற்றம் கிடையாது, ஈரப் புல் வாசனைதான் வரும். தினமும் காலையில் ஒன்றிரண்டைப் பிளந்து பார்த்துவிட்டுத்தான் எங்கள் வேலையே தொடங்கும். பாண்டாவின் உடல்நிலையைச் சொல்ல அதைவிட நல்ல சாட்சி இல்லை.)

இவ்வளவு குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவர் எப்படி இருப்பார்? எண்ணி எண்ணித்தானே செலவழிப்பார்? பாண்டாவும் அப்படித்தான். அதே எடையுள்ள மற்றப் பாலூட்டி ஒரு நாளில் செலவழிக்கிற சக்தியில் பாதிகூட இது செலவழிப்பதில்லை. தைராய்டு சுரப்பு குறைவு, அசைவு குறைவு. தின்னும், தூங்கும், எழுந்து மறுபடி தின்னும். அந்தத் தூக்கம் அதன் பிழைப்பு. நீங்கள் தட்டி எழுப்புகிற ஒவ்வொரு தடவையும் அது சேர்த்து வைத்ததிலிருந்து எடுத்துச் செலவு செய்கிறது.

சத்தம் விஷயத்தில் இன்னொன்று. நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலிகளும் பாண்டாவுக்குக் கேட்கும். சான் டியாகோ விலங்குக் காட்சிசாலையில் நடத்திய ஆய்வு ஒன்று 2004-ல் வெளியானது. இரைச்சல் கூடிய நாட்களில் அங்கிருந்த பாண்டாக்கள் அதிகம் சொறிந்துகொண்டன, வெளியேறும் கதவையே நோண்டிக்கொண்டிருந்தன. சிறுநீரில் மன அழுத்த ஹார்மோனும் கூடியிருந்தது. எங்களுக்கு இது இந்த மாதங்களில் கூடுதல் கவலை. மார்ச் பிறந்தால் இணைசேரும் காலம். பெண் பாண்டா கருத்தரிக்கக்கூடியது வருடத்தில் ஒன்றிலிருந்து மூன்று நாள்தான். அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். காட்டில் இருப்பவை, 2015-ல் வெளியிட்ட நான்காவது தேசியக் கணக்கெடுப்பின்படி, 1,864. ஒரு வருடம் வீணாவது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

கூட்டமில்லாத நாளில்தான் வருகையாளர் தொல்லை அதிகம் என்றால் நம்ப மாட்டீர்கள். கூட்ட நாளில் காவலர் நிற்பார், ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் நிற்பவரே முறைப்பார். இப்போது யாரும் பார்க்கவில்லை என்ற தைரியம் வந்துவிடுகிறது. இந்த ஒரு குளிர்காலத்தில் மட்டும் முற்றத்திலிருந்து நாங்கள் பொறுக்கியவை: தொத்திறைச்சி உறை, சிகரெட் துண்டு, பிளாஸ்டிக் டைனோசர் ஒன்று, குழந்தைத் தொப்பி ஒன்று. பாண்டா எதையும் முதலில் வாயில் வைத்துத்தான் பார்க்கும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? கண்ணாடியைத் தொடாதீர்கள். விசில் வேண்டாம், பிளாஷ் வேண்டாம். ஆப்பிள் துண்டு கூடப் போடாதீர்கள். அதற்கு என்ன, எத்தனை கிராம் என்று நாங்கள் நிறுத்துக் கொடுக்கிறோம். பொருள் உள்ளே விழுந்துவிட்டால் ஊழியரைக் கூப்பிடுங்கள், நீங்கள் இறங்காதீர்கள். 2009-ல் பெய்ஜிங்கில் குழந்தையின் பொம்மையை எடுக்க உள்ளே குதித்த அப்பாவின் காலை அங்கிருந்த பாண்டா கவ்விக்கொண்டு விடவே இல்லை. மூங்கிலை உடைக்கிற தாடை அது. நாய் வளர்ப்பவர்கள் நாய்க்குட்டியைத் தூக்கிய அதே சட்டை, செருப்போடு வராதீர்கள். வாசலில் கிருமிநாசினி மிதியடி இருந்தால் தாண்டிக் குதிக்காமல் மிதித்து வாருங்கள். 2014 கடைசியில் ஷான்சி மாநிலத்தில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் புகுந்து பாண்டாக்கள் அடுத்தடுத்து இறந்தன. அந்தச் செய்தி படித்த காலை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அப்புறம், பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பாண்டா தூங்கினால் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்காருங்கள். வயிறு ஏறி இறங்குவதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். முன்பாதத்தை உற்றுப் பாருங்கள்; மணிக்கட்டு எலும்பு நீண்டு ஆறாவது விரல் போல இருக்கும், மூங்கிலைப் பிடிப்பது அதை வைத்துத்தான். குளிர்காலத்தில் அவை பகலெல்லாம் வெளியே இருக்கும். அரை மணி, முக்கால் மணி பொறுத்தால் தானாக எழும்.

அந்த எட்டு வயதுக்காரி மறுநாள் மதியம்தான் இலையைத் தொட்டாள், அதுவும் நாலைந்து கிளை. இன்று காலை சாணத்தைப் பிளந்து பார்த்தேன். நல்ல பச்சை, சளி இல்லை. இதை எழுதும்போது தூங்கிக்கொண்டிருக்கிறாள்.