பக்கம் நிறைய ஒட்டினால் முகங்கள் தொலைவது ஏன்?

பாபநாசத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு ஸ்கிராப்புக் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு பக்கத்தில் பதினான்கு படம் ஒட்டி, ஓரமெல்லாம் ஸ்டிக்கரும் கிளிட்டரும் போட்டேன். எல்லாரும் அந்தப் பக்கத்தை ஒரு நொடியில் புரட்டிவிடுகிறார்கள். மூன்றே படம் இருக்கும் பக்கத்தில்தான் நின்று பார்க்கிறார்கள். இது வெறும் ரசனையா, அறிவியல் காரணம் ஏதாவது உண்டா?"

உண்டு. அழகான காரணமும்கூட.

விழித்திரை, கூம்புச் செல், கோல் செல் எல்லாம் பள்ளியில் படித்தவைதான். அதில் நமக்கு இங்கே வேண்டியது ஒன்று: விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்று ஒரு சிறு குழி இருக்கிறது. கூர்மையான பார்வை அங்கே மட்டும்தான். அது பார்க்கும் பரப்பு சுமார் 2 டிகிரி. ஆல்பத்தை 40 செ.மீ. தள்ளி வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 1.4 செ.மீ. அகலம். ஒரு ரூபாய் நாணயம்கூட அதில் முழுசாக அடங்காது. 12 அங்குல ஸ்கிராப்புக் பக்கத்தில் இது எம்மாத்திரம்!

அதனால் கண் தாவித் தாவிப் பார்க்கிறது. வினாடிக்கு மூன்று நான்கு தாவல். தாவும் அந்தக் கணத்தில் வரும் கலங்கிய காட்சியை மூளை அமுக்கிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் ஓவியங்களைப் பார்ப்பவர்களின் கண் தாவல்களைக் கோடு கோடாகப் பதிவு செய்தார். படத்தில் மனிதர்கள் இருந்தால் கண் மீண்டும் மீண்டும் முகங்களுக்கே போனது.

சரி, அடுத்து எங்கே தாவுவது என்று கண்ணுக்கு யார் சொல்வது? பார்வையின் ஓரம்தான் சொல்ல வேண்டும். அந்த ஓரத்துக்கு ஒரு விசித்திரமான குறை இருக்கிறது. எனக்குப் பார்வை அறிவியலில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஒரு வெள்ளைத் தாளில் கூட்டல் குறி ஒன்று போடுங்கள். அதற்கு 10 செ.மீ. வலப்பக்கம் ஒரு செ.மீ. உயரத்தில் ‘க’ என்று எழுதுங்கள். கீழே இன்னொரு கூட்டல் குறி. அதிலிருந்து அதே தூரத்தில் ‘க’, அதன் இருபுறமும் ஒட்டினாற்போல் ‘ம’, ‘ச’. இப்போது மேல் குறியை மட்டும் உற்றுப் பாருங்கள். தனியாக நிற்கும் ‘க’ சுமாராகத் தெரியும். கீழ்க் குறிக்கு வாருங்கள். அதே தூரம், அதே அளவு, ஆனால் நடுவில் இருக்கும் எழுத்து என்னவென்று பிடிபடாது. ஏதோ கோடும் வளைவும் இருப்பது தெரியும், அவ்வளவுதான்.

பார்வை மங்கல்தான் காரணம் என்றால் மேலே உள்ள ‘க’வும் தெரிந்திருக்கக் கூடாது. கெடுத்தது அக்கம்பக்கம். ஆய்வாளர்கள் இதைக் க்ரவுடிங் என்பார்கள், நாம் நெரிசல் என்று வைத்துக்கொள்வோம். பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது: பார்வையின் நடுவில் மூளை சின்னச் சின்னப் பரப்பாகப் பிரித்து ஆராய்கிறது. ஓரம் போகப் போக அந்தப் பரப்பு அகன்றுகொண்டே போகிறது. ஒரே பரப்புக்குள் மூன்று முகம் விழுந்தால் மூன்றின் மூக்கும் மீசையும் நெற்றியும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. குடமுருட்டி ஆற்றுத் தண்ணீரும் வெட்டாற்றுத் தண்ணீரும் ஒரே வயலில் பாய்ந்த பிறகு பிரித்துக் காட்டச் சொன்னால் முடியுமா?

மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்று நம் பக்கத்தில் இன்னும் சொல்கிறார்கள். சுத்த அபத்தம். பார்வையின் ஓரத்தில் மட்டும், பாவம், அந்த நடு ஆளுக்குத்தான் கண்டம்!

இந்த நெரிசலுக்கு ஓர் எளிய அளவு உண்டு. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் ஹெர்மன் பௌமா 1970-இல் கண்டு சொன்னது: கண் நிலைகுத்திய இடத்திலிருந்து ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதில் சுமார் பாதி தூரத்துக்குள் வேறொன்று வந்தால் முதல் பொருள் அடையாளம் இழக்கும். நேச்சர் இதழில் இரண்டே பக்கக் கட்டுரை. இரண்டு எக்ஸ்களுக்கு நடுவில் ஓர் எழுத்தை வைத்துத் தெரிகிறதா என்று பார்த்த வேலை. "இதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்று கேட்கும் நம்மூர் நிதிக்குழு ஒன்றின் முன் இது வந்திருந்தால் டீ செலவுக்குக்கூடப் பணம் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். இன்றைக்குச் சோம்பேறிக் கண் (ஒரு கண்ணின் பார்வை சரியாக வளராத நிலை) உள்ள குழந்தைகளும், விழித்திரையின் நடுப்பகுதி பழுதான முதியவர்களும் ஏன் வாசிக்கத் திணறுகிறார்கள் என்று புரிந்துகொள்ள இந்த நெரிசல் கணக்கு வேண்டியிருக்கிறது.

பக்கத்துக்கு வருவோம். தாத்தாவின் முகத்தில் கண் நிற்கிறது. 6 செ.மீ. தள்ளிப் பாட்டியின் முகம் இருந்தால் அதைச் சுற்றி 3 செ.மீ. காலியாக இருந்தால் போதும். 16 செ.மீ. தள்ளிப் பேத்தி இருந்தால் 8 செ.மீ. வேண்டும். அதாவது முக்கியமான படத்துக்கு அருகே நெருக்கமாக ஒட்டலாம், விலக விலக இடம் விட வேண்டும். பெரும்பாலோர் செய்வது நேர் எதிர். நடுவைக் காற்றோட்டமாக விட்டு ஓரங்களில் ஸ்டிக்கரை அப்பிவிடுகிறார்கள். படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டாலும் தீராது, ஏனென்றால் நெரிசல் அளவைவிட இடைவெளியைத்தான் பார்க்கிறது.

கண்தான் நகர்ந்துகொண்டே இருக்கிறதே, போய்ப் பார்த்துக்கொள்ளாதா? நியாயமான கேள்வி. போகும், ஆனால் முதல் பார்வையில் ஓரத்தில் "அது அத்தை மாதிரி இருக்கே" என்று தோன்றினால்தான் ஆசையோடு போகும். பதினான்கும் சேர்ந்து ஒரே குழம்பலாகத் தெரிந்தால் விரல் பக்கத்தைப் புரட்டிவிடும்.

இடம் விட மனசு வரவில்லை என்றால் வேறு வழிகளும் இருக்கின்றன. அக்கம்பக்கத்தோடு நிறத்தில் மாறுபட்டால் நெரிசல் குறையும். வண்ணப் படங்களுக்கு நடுவே தாத்தாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் தப்பித்துக்கொள்வது அதனால்தான். அப்புறம், சுற்றியிருப்பவை தமக்குள் சேர்ந்து ஒரே பொருளாகத் தெரிந்தால் தனியாக இருப்பது மீண்டுவிடும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மைக்கேல் ஹெர்சாக் குழுவினர் இதை வெகு அழகாகக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே ஆறு சின்னப் படங்களைச் சிதற விடாமல், விளிம்பு சேர்த்து ஒரே பட்டையாக ஒட்டினால் கண் அதை ஒன்று என்றே எண்ணும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. கண் நிற்கும் இடத்திலிருந்து வெளிப்புறமாக ஓடும் கோட்டில் அடுத்தடுத்து இருப்பவைதான் ஒன்றையொன்று அதிகம் கெடுக்கும். சுற்று வட்டத்தில் அக்கம்பக்கமாக இருப்பவைக்கு ஏறத்தாழ பாதி இடைவெளி போதும். தஞ்சாவூர் தட்டைப் பாருங்கள்: நடுவில் தெய்வம், சுற்றிலும் வட்டமாகச் சின்ன வேலைப்பாடு. நடுவில் கண்ணை வைத்தாலும் சுற்றியிருப்பது ஓரளவு பிரிந்து தெரியும். உடனே "நம் முன்னோர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்" என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட வேண்டாம். வட்டத் தட்டில் வேலைப்பாடு வட்டமாகத்தான் வரும். கைவினைஞரின் கண்ணுக்கு நன்றாகப்பட்டது நிலைத்தது, அந்தப் பெருமையே அவர்களுக்குப் போதும்.

இப்படித்தான், 1.618 என்ற பொன் விகிதத்தை (நீளம் அகலத்தைப் போல 1.618 மடங்கு இருந்தால் அழகு என்பது) எல்லா லேஅவுட்டுக்கும் மந்திரம் போல் ஓதுபவர்களையும் நான் நம்புவதில்லை. 1876-இல் ஜெர்மன் உளவியலாளர் ஃபெக்னர் செவ்வகங்களைக் காட்டிச் சோதித்ததிலிருந்து இன்றுவரை முடிவுகள் ஒருமாதிரி வந்ததில்லை.

வாசகிக்கு என் யோசனை: தாத்தாவின் படம் மேக்ஸி சைஸில் ஒன்று, அதைச் சுற்றி வளைவாக நான்கு படம், தள்ளி ஒரு பட்டை. கல்லணை போன்ற இடத்தில் எடுத்த கூட்டப் படம் இருந்தால், அதில் முகங்கள் பட்டாணி அளவுதான் இருக்கும், ஓரங்களை வெட்டிப் படத்தைச் சிறிதாக்குங்கள். மிச்சத்துக்கு அடுத்த பக்கம் இருக்கிறது. கிளிட்டரைத் தாத்தா படத்தின் விளிம்பில் மட்டும் தூவுங்கள். பார்வையின் ஓரம் முகத்தைக் கோட்டை விட்டாலும் மினுக்கலை விடாது. மூலையில் தூவினால் பக்கத்தைச் சாய்க்கும்போதெல்லாம் கண் அந்த மூலைக்குத்தான் ஓடும்.