காதோரத்து முடியும் பச்சைச் சேலையும்

இணையவழியில் இலக்கண வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். கூடத்தின் ஒரு மூலையில் அமர்ந்துதான் அவர் பாடம் நடத்துகிறார். முதுகுக்குப் பின்னால் துணி காயும் கொடி. அதை மறைக்க, செயலியிலுள்ள வசதியைக் கொண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் படத்தைப் பின்னணியாக வைத்திருக்கிறார். கோயில் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் காதோரத்தில் கொடித்துண்டு எட்டிப் பார்க்கிறது. காப்பி டம்ளரைத் தூக்கினால் டம்ளர் மறைந்துபோய் வெறுங்கை மட்டும் வாய்க்குப் போகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பின்னால் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டால் இது சரியாகுமா, சரியாகும் என்றால் எந்த நிறச் சேலை என்பது அவருடைய கேள்வி.

சரியாகும். எந்தச் சேலை என்பதற்கு விடை சொல்ல, கணினி நம்மை எப்படி வெட்டியெடுக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பின்னால் திரைத்துணி ஏதும் இல்லாதபோது அந்த வேலையைச் செய்வது, இலட்சக்கணக்கான படங்களைக் காட்டி ‘இது மனிதர், இது மற்றவை’ என்று பழக்கப்பட்ட நரம்பு வலைப்பின்னல் என்னும் கணினி நிரல். வினாடிக்கு முப்பது படங்களை ஒரு சாதாரண மடிக்கணினி அலசியாக வேண்டும் என்பதால், படத்தை முதலில் சுருக்கிக்கொள்கிறார்கள். கூகுள் மீட் செயலிக்காக 2020இல் விவரிக்கப்பட்ட முறையில் அந்தச் சுருங்கிய படத்தின் அளவு 256க்கு 144 புள்ளிகள். நம் காணொளி 1280க்கு 720 என்றால், மூலப்படத்தின் ஐந்துக்கு ஐந்து, அதாவது 25 புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே ஒரு தீர்ப்புதான் கிடைக்கிறது. அந்தத் தடித்த ஓரத்தை, மூலப்படத்தில் நிறம் எங்கே சட்டென்று மாறுகிறது என்று பார்த்துப் பிறகு செதுக்கிக்கொள்கிறார்கள். காதுக்கும் கொடித்துண்டுக்கும் நிறம் நெருங்கியிருந்தால் செதுக்கும் உளி வழுக்கிவிடுகிறது. டம்ளரின் கதை வேறு: பழகிய பாடத்தில் டம்ளர் மனிதரின் பகுதி இல்லை, ஆகவே அது கோயிலோடு போய்விடுகிறது. கருத்த முகங்களை இவ்வகைச் செயலிகள் சரியாக அடையாளம் காணாமல் தலையையே அழித்துவிட்ட விவகாரமும் 2020இல் பொதுவெளியில் பேசப்பட்டது. பழக்கிய படங்களில் யாருடைய முகங்கள் குறைவாக இருந்தனவோ அவர்களுக்குத்தான் பிழை அதிகம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. இத்தகைய வலைப்பின்னல்கள் பலவற்றுக்கு முன்னோடியான ‘யூ-நெட்’, 2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில், நுண்ணோக்கிப் படங்களில் செல்களின் ஓரங்களைப் பிரித்தறிவதற்காக உருவாக்கப்பட்டது. ஒரு செல் எங்கே முடிந்து அடுத்த செல் எங்கே தொடங்குகிறது என்று மல்லுக்கட்டியவர்களின் உழைப்பு, இன்று ஆசிரியையின் காதையும் கொடித்துண்டையும் பிரிக்க முயல்கிறது. ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு வருபவரிடம் ‘இதனால் சாமானிய மக்களுக்கு என்ன பயன்?’ என்று முதல் வரியிலேயே கேட்கும் நம் குழுக்கள், அந்தக் கேள்வியைப் பத்து ஆண்டுகள் கழித்துக் கேட்கப் பழகினால் நல்லது என்பது என் கருத்து.

இனி, என்னை எப்போதும் மயக்கும் பகுதிக்கு வருகிறேன்: ஒற்றை முடி. தலையிலிருந்து பிரிந்து நிற்கும் ஒரு முடியின் தடிமன், பெரும்பாலும் படத்தின் ஒரு புள்ளியைவிடக் குறைவு. அப்படியானால் அந்தப் புள்ளி முடியா, சுவரா? இரண்டும்தான். முடி அந்தப் புள்ளியில் 40 விழுக்காட்டை மறைக்கிறது என்றால், அங்கே நமக்குத் தெரியும் நிறம் முடியின் நிறத்தில் 40 பங்கும் சுவரின் நிறத்தில் 60 பங்கும் கலந்த கலவை. இந்த மறைப்பு அளவுக்கு ஆல்பா என்று பெயர். ஆல்பா 1 என்றால் முழுவதும் முடி. 0 என்றால் முழுவதும் சுவர்.

தெரியும் நிறம் = ஆல்பா × முடியின் நிறம் + (1 − ஆல்பா) × பின்னணி நிறம்

கலப்பது எளிது, கலந்ததைப் பிரிப்பதுதான் சங்கடம். ஒரு புள்ளியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் மட்டுமே நம் கையில் உள்ளன. கண்டுபிடிக்க வேண்டியவையோ, முடியின் நிறத்துக்கு மூன்று, பின்னணி நிறத்துக்கு மூன்று, ஆல்பா ஒன்று, ஆக ஏழு. மூன்று சமன்பாடுகளை வைத்துக்கொண்டு ஏழு மாறிகளைக் கண்டுபிடிக்க முடியாது என்பது பள்ளிக் கணக்கு. பின்னால் ஒரே நிறத் துணியைத் தொங்கவிட்டவுடன் பின்னணியின் மூன்று எண்களும் தெரிந்தவை ஆகிவிடுகின்றன. மிச்சம் நான்கு, இன்னும் ஒன்று இடிக்கிறது.

அந்த ஒன்றை எப்படி ஈடுகட்டுகிறார்கள் என்பதை எண்களோடு பார்ப்போம். துணியின் நிறம் சிவப்பு 40, பச்சை 180, நீலம் 60 என்று வைத்துக்கொள்வோம். கருமுடியில் மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு. 20, 20, 20 என்போம். முடி 40 விழுக்காடு மறைக்கும் புள்ளியில் கேமராவுக்குக் கிடைப்பது சிவப்பு 32, பச்சை 116, நீலம் 44. இப்போது முடியையே மறந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: மற்ற இரண்டில் பெரியதைவிடப் பச்சை எவ்வளவு கூடுதலாக இருக்கிறது? வெறும் துணியில் 180இலிருந்து 60 போக 120. இந்தப் புள்ளியில் 116இலிருந்து 44 போக 72. எழுபத்திரண்டை நூற்றிருபதால் வகுத்தால் 0.6. பின்னணியின் பங்கு 60 விழுக்காடு, முடியின் பங்கு 40 விழுக்காடு! முடியின் நிறத்தைக் கேட்காமலே விடை வந்துவிட்டது. கருப்பு, வெள்ளை, நரை ஆகிய எதிலும் பச்சை தனித்து மேலோங்குவதில்லை என்ற ஓர் அனுமானம்தான், குறைந்துபோன அந்த நான்காவது சமன்பாடு. பின்னணியின் பங்கைக் கழித்துவிட்டு அந்த இடத்தில் கோயிலின் நிறத்தை 60 பங்கு ஊற்றினால், முடிக்குப் பின்னால் கோபுரம் மெல்லத் தெரியும். இந்த நிற வேறுபாட்டு உத்தியை 1950களின் இறுதியில் ஹாலிவுட்டில் பெட்ரோ விலாஹோஸ் என்பவர் வகுத்தபோது கணினி இல்லை. நீலத் திரையையும், நிறங்களைப் பிரித்துப் பதியும் ஃபிலிம் சுருள்களையும் கொண்டே இந்தக் கழித்தலைச் செய்தார்.

மனிதத் தோலுக்கும் இதே அனுமானம் பொருந்துகிறது. மாநிறமோ கருப்போ சிவப்போ, இரத்தமும் மெலனின் என்னும் நிறமியும் சேர்ந்த தோலில் சிவப்புதான் கூடுதல், அடுத்தது பச்சை, கடைசியில் நீலம். தோலுக்குத் தோல் மாறுவது பெரும்பாலும் வெளிச்ச அளவுதான். ஆகவே, வலைப்பின்னல் காட்டும் பாரபட்சத்தை ஒரு முழம் துணி காட்டுவதில்லை. நீலத் திரையும் இதே வேலையைச் செய்யும் என்றாலும் நான் பச்சையைத்தான் பரிந்துரைப்பேன். பெரும்பாலான கேமராக்களின் ஒளி உணரிகளில் பாதிக் கண்ணறைகள் பச்சைக்கும், கால் பங்கு சிவப்புக்கும், கால் பங்கு நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டிருப்பதால், பச்சையில் இரைச்சல், அதாவது படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் பிசிறு, குறைவு. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது.

ஆகவே ஆசிரியைக்குச் சொல்வது: பளிச்சென்ற கிளிப்பச்சையில், கரையோ ஜரிகையோ கட்டமோ இல்லாத பருத்திச் சேலை. பட்டு கூடாது. பளபளப்பான நூல் தன் நிறத்தைக் காட்டாமல் ஜன்னலின் நிறத்தைக் காட்டும். அதிலும் மயில்கழுத்துப் பட்டைத் தொடவே வேண்டாம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த அந்த அழகே, ஒவ்வொரு மடிப்பிலும் வேறொரு நிறமாகி நம் கணக்கைக் குலைத்துவிடும். மடிப்பின்றி இழுத்துக் கட்டி, அதிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி அமர வேண்டும்; ஒட்டி அமர்ந்தால் துணியில் பட்டுத் தெறிக்கும் பச்சை வெளிச்சம் தாடையோரத்தையும் வெள்ளைச் சட்டையையும் தின்னும். ஸூம் போன்ற செயலிகளில் ‘பச்சைத் திரை இருக்கிறது’ என்று தெரிவிக்கும் அமைப்பு உண்டு. அதை இயக்கினால்தான் மேற்சொன்ன கழித்தல் நடக்கும். அன்று தலையில் மல்லிகை வைத்துக்கொள்ளலாம். இடையே மரிக்கொழுந்து வைத்துக் கட்டிய சரமென்றால், மல்லிகை அந்தரத்தில் நிற்க, நடுநடுவே கோபுரம் தெரியும்.

வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும். என் உறவினர் ஒருவருக்கு, கிழக்கு நோக்கி அமர்ந்து பேசினால் காரியம் கைகூடும் என்று வாஸ்து பார்ப்பவர் சொல்லியிருந்தார். காலைக் கூட்டங்களில் முகம் துலங்கியது உண்மை. எதிரே கிழக்கு ஜன்னல். மாலைக் கூட்டங்களில் மேற்குச் சூரியன் முதுகுப்பக்க ஜன்னல் வழியாக வந்து அவரை வெறும் நிழலுருவமாக்கியபோது, அவர் குறைசொன்னது கிரகங்களைத்தான்.

டம்ளர் விஷயத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். பச்சைத் துணியின் முன் எவர்சில்வர் டம்ளரைத் தூக்கியதும், நடுப்பகுதி அழகாகத் தெரிந்தது. இரண்டு பக்கங்களும் காணவில்லை. வளைந்த உலோகத்தின் ஓரங்கள் பின்னாலிருக்கும் துணியையே பிரதிபலிக்கின்றன. அங்கே பச்சைதான் மேலோங்குகிறது. கணக்கு அதைத் துணி என்றே முடிவுகட்டுகிறது. மெருகில்லாத மண் குவளையில் அதே காப்பியை ஊற்றித் தூக்கினேன். ஓரம் சிதையாமல், கோயில் வாசலில் நின்று குடிப்பதுபோல் முழுதாக வந்தது.