2,700 ஏக்கரில் ஒரு மாளிகையா?

"2,700 ஏக்கர் பரப்பளவு கொண்ட சொகுசு மாளிகை." மைக்கேல் ஜாக்சன் 1988இல் கலிஃபோர்னியாவில் வாங்கிய நெவர்லேண்டைப் பற்றித் தொலைக்காட்சியில் ஒரு குரல் இப்படிச் சொன்னது. இதே மாதத்தில் மூன்றாவது முறை கேட்கிறேன். மான்கள் திரியும் கிண்டி தேசியப் பூங்கா முழுவதுமே 700 ஏக்கருக்குள்தான். அதைப்போல நான்கு மடங்குக்கு ஒரே கட்டடமா? எழுதியவர் கண்ணை மூடி ஒரு நொடி நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

ஆங்கில மூலத்தில் இருந்த சொல் எஸ்டேட். லத்தீனில் 'நிலை' என்று பொருள்படும் ஸ்டேட்டஸ் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒருவரின் நிலை, பிறகு அவர் உடைமை, பிறகு அவர் நிலம் எனப் பொருள் நகர்ந்தது. வீடு அதில் ஓர் உறுப்பு மட்டுமே.

மாளிகை என்பதோ கட்டடம். கங்கைகொண்ட சோழபுரத்தில் அரண்மனை இருந்த இடத்துக்கு மாளிகைமேடு என்றே பெயர். அந்த நல்ல சொல்லை எஸ்டேட், மேன்ஷன், வில்லா, பங்களா எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரையாகக் குத்துகிறார்கள். முன்னால் ஒரு 'சொகுசு' வேறு. பஸ்ஸும் சொகுசு, கப்பலும் சொகுசு, வீடும் சொகுசு. இவர்கள் வாங்கிய அகராதியில் ஒரு பக்கம்தான் இருக்கிறதோ என்று கோபம் வருகிறது.

இந்த இடங்களின் கவர்ச்சி எங்கே இருக்கிறது? வாசல் கதவுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள தொலைவில். ஊமைப்பட நட்சத்திரங்கள் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் பெவர்லி ஹில்ஸில் பிக்ஃபேர் என்ற தங்கள் இல்லத்தை அமைத்தபோது அந்தப் பகுதி பெரும்பாலும் வெற்று நிலம். பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1957இல் வாங்கிய கிரேஸ்லேண்டில், இசைக்குறிப்பு ஏடு போல வார்த்த இரும்புக் கதவருகே ரசிகர்கள் நின்றார்கள். மரங்களுக்கு அப்பால் வீடு. அந்த இடைவெளியை 'மாளிகை' விழுங்கிவிடுகிறது.

பண்ணை வீடு என்கிறார்கள் சிலர். பண்ணையில் பயிரோ மாடோ வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதிக்குப் போகும் இடத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே ஒட்டிவிட்டது. எஸ்டேட் என்றே விட்டாலோ நமக்குத் தேயிலைதான் நினைவுக்கு வரும். கிண்டியில் இருக்கும் எஸ்டேட்டுக்குத் தொழிற்பேட்டை என்று அழகான சொல் கண்டோம். அந்த அக்கறை இங்கே ஏன் இல்லை?

சென்னையிடம் சொல் இருக்கிறது: தோட்டம். 18ஆம் நூற்றாண்டிலேயே கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) வணிகர்கள் கோட்டையை விட்டு வெளியே வந்து எழும்பூரிலும் அடையாற்றங்கரையிலும் மரங்களுக்கு நடுவே வீடு கட்டினார்கள். ஆங்கிலத்தில் அவை கார்டன். பிரம்மஞான சபை 1882இல் வாங்கிய ஹடில்ஸ்டன் கார்டன்ஸ் 27 ஏக்கர். அந்த வழக்கு போயஸ் தோட்டம் வரை நீள்கிறது. எம்.ஜி.ஆர். வாழ்ந்தது ராமாவரம் தோட்டம். "தோட்டத்துக்குப் போய்த் தலைவரைப் பார்த்துவிட்டு வந்தேன்" என்று என் மாமா சொன்னபோது, அங்கே கத்தரிக்காய் விளைகிறதா என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. வேலி, காவல், மரநிழல், உள்ளே ஒரு பெரிய மனிதர், வெளியே கூட்டம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டன.

பெயரோடு வரும்போது தோட்டம் போதும்: நெவர்லேண்ட் தோட்டம். பொதுவாகச் சொல்லும்போது குழப்பம் வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே 'தோட்டமனை' என்று எழுதலாம்.

போன வாரம் கிரேஸ்லேண்ட் பற்றிய கட்டுரை ஒன்று மெய்ப்புப் பார்க்க வந்தது. ஒன்பது இடத்தில் 'சொகுசு மாளிகை'. வீட்டைக் குறித்த இரண்டை மட்டும் 'மாளிகை' என்று விட்டு, மற்ற ஏழையும் தோட்டமாக்கி அனுப்பினேன். நேற்று வந்த படியில் ஒன்பதும் அப்படியே திரும்பியிருந்தன. மறுபடி அடித்து அனுப்பிவிட்டேன்.