பெய்லிஃப் கேட்கும் கட்டணம்: எதற்கு, எப்போது, எவ்வளவு?

கவுன்சில் வரி (உள்ளாட்சி மன்றத்துக்குக் கட்டும் வரி) நிலுவைக்காக அமலாக்க முகவர், அதாவது பெய்லிஃப், அனுப்பிய கடிதத்தோடு என்னிடம் கடன் ஆலோசனைக்கு வருபவர்களைப் பெரிதும் கலங்கடிப்பது கடனைவிட அதற்கு மேல் ஏறிய கட்டணம்தான். முகவர் விரும்பியதை எல்லாம் வசூலிக்க முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 ஏப்ரல் 6 முதல் இக்கட்டணங்கள் விதிகளால் வரையறுக்கப்பட்டுள்ளன.

அப்போது நிர்ணயித்தபடி, கோப்பு முகவரிடம் போனதும் 75 பவுண்டு, அவர் வீட்டுக்கு வந்ததும் 235, பொருள்களை விற்பனைக்கு எடுத்துச் செல்லும் கட்டத்தில் 110. பின்னிரண்டு கட்டங்களிலும், கடன் 1,500 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் 7.5 விழுக்காடு சேரும். உயர் நீதிமன்ற ரிட்டுக்கு, அதாவது அந்த நீதிமன்றம் தரும் அமலாக்க ஆணைக்கு, அட்டவணை வேறு. தொகைகள் திருத்தப்படக்கூடும் என்பதால், கடிதத் தேதியில் நடப்பிலிருந்த அட்டவணையையே பாருங்கள்.

2014 அட்டவணைப்படி, கடன் 2,300 பவுண்டு என்றால் விழுக்காடு 800க்கு மட்டுமே, அதாவது 60 பவுண்டு. முழுத் தொகைக்கும் போட்டால் 172.50 ஆகிவிடும். கணக்கில் இந்த ஒரு பதிவை முதலில் சரிபாருங்கள்.

அந்த 235 பவுண்டு வருகைக் கட்டம் முழுவதற்குமான கட்டணம். மூன்று முறை வந்தாலும் ஒரு முறைதான். அண்மையில் ஒருவர் கொண்டுவந்த கணக்கில், இரண்டு ஆண்டு நிலுவைகளுக்காக ஒரே நாளில் ஒரே கதவைத் தட்டியதற்கு அது இரு முறை எழுதப்பட்டிருந்தது. சேர்த்து நடத்தக்கூடிய நிலுவைகளைச் சேர்த்தே நடத்த வேண்டும் என்ற விதியைச் சுட்டிக் கடிதம் எழுதிய பிறகு ஒன்று நீக்கப்பட்டது.

வருகைக்கு முன் ஏழு முழு நாள் அவகாசத்துடன் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். ஞாயிறும் வங்கி விடுமுறையும் கணக்கில் சேரா. நோய், முதுமை, மனநலக் குறைவு போன்றவற்றால் நலிந்த நிலையில் இருப்பவருக்கு, பொருள்களை எடுக்கும் முன் ஆலோசனை பெறப் போதிய வாய்ப்புத் தராவிட்டால், வருகைக் கட்டணத்தை அவரிடம் வசூலிக்க முடியாது. இதை எவரும் தாமாகச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

தேதிவாரியான கட்டண விவரத்தை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். நகலைக் கவுன்சிலுக்கும் அனுப்புங்கள். தகராறில்லாத கடனைச் செலுத்துவதை நிறுத்தாதீர்கள். பதில் திருப்தியளிக்காவிட்டால், கட்டணத்தை மதிப்பிடுமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆனால் தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் நம் தலையில் விழக்கூடும் என்பதால், அதற்கு முன் இலவசக் கடன் ஆலோசகர் ஒருவரிடம் கணக்கைக் காட்டிவிடுங்கள்.