தேய்மானம்: பொக்லைனிலும் வரிக் கணக்கிலும்

கோத்தகிரிப் பக்கம் பொக்லைன் வைத்திருப்பவரிடம் தேய்மானம் என்றால் முதலில் பக்கெட் பல்லைத்தான் காட்டுவார். மண்ணுக்கு நடுவே பாறை தட்டினால் பல் முனை மழுங்கிவிடும். அப்புறம் செயின், பின், புஷ் என்று ஒவ்வொன்றாகப் போகும். ஆடிட்டர் சொல்லும் தேய்மானம் வேறு. பல் மாற்றிய செலவு பழுதுபார்ப்புச் செலவு. அந்த ஆண்டு வருமானத்திலேயே முழுதாகக் கழித்துக்கொள்ளலாம். கண்ணெதிரே தேய்ந்தது தேய்மானக் கணக்கில் வராது என்பதுதான் வேடிக்கை.

வரியில் தேய்மானம் என்பது, பல ஆண்டு உழைக்கும் இயந்திரத்தின் விலையை ஒரே ஆண்டில் செலவெழுதாமல், வருடா வருடம் ஒரு பங்காகக் கழிப்பது. 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இதற்கான பிரிவு 32. பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம்; வாடகைக்கு ஓடும் லாரிக்கு 30. லாரி மேல் பொருத்திய கிரேன் லாரியா, இயந்திரமா என்று வழக்கே நடந்திருக்கிறது.

30 லட்ச ரூபாய் வண்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு 4,50,000 கழியும். மறு ஆண்டு மீதி 25,50,000-க்குத்தான் 15 சதவீதம், அதாவது 3,82,500. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஆனால் பூஜ்யத்தை மட்டும் தொடாது. பாடநூல்களில் இதற்குக் குறைந்துசெல் மதிப்பு முறை என்று பெயர்.

மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது 180 நாள் விதி. வாங்கிய ஆண்டில் அதற்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதி விகிதம்தான், 2,25,000. நிதியாண்டு முடியும் மார்ச் 31-இலிருந்து பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் 3-க்குள் வண்டி வேலையில் இறங்கியிருக்க வேண்டும். குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதும் அந்த மாதம்தான். போதாததற்கு, நீலகிரியில் பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். வேலைக்குத் தயாராக நிறுத்தியிருந்தாலே பயன்பாடுதான் என்று சில வழக்குகளில் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. அதை நம்பி அசட்டையாக இருக்கச் சொல்ல மாட்டேன்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தின் ‘டிப்ரீசியேஷன்’ லத்தீனில் விலையைக் குறிக்கும் ‘ப்ரெட்டியம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. விலை இறங்குவது என்று பொருள். தமிழ் விலையைப் பேசவில்லை, உராய்வைப் பேசுகிறது. ‘தேய்’ பழைய வேர். நற்றிணைப் புலவர் ஒருவரின் பெயரே தேய்புரிப் பழங்கயிற்றினார். அதோடு வருமானம், பெறுமானம், கட்டுமானம் ஆகியவற்றில் உள்ள அதே ‘மானம்’ சேர்ந்தது. பழைய நகையை எடை போடும் கடைக்காரரும், முழங்கால் மூட்டைச் சோதிக்கும் மருத்துவரும் சொல்வது இந்தத் தேய்மானத்தைத்தான்.

மதிப்பிறக்கம் என்பதே சரியான சொல் என்பாரும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது: உராயவே வழியில்லாத காப்புரிமைக்கும் உரிமத்துக்கும்கூட 25 சதவீதம் கழிக்கலாமே! ஆனாலும் இயந்திரம், கட்டடம் என்றால் எனக்குத் தேய்மானம்தான். கணக்குப் புத்தகத்திலும் பேச்சிலும் வேரூன்றிவிட்ட சொல். டாலருக்கு எதிராக ரூபாய் இறங்குவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல் என்பதால், செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் சில சமயம் தடுமாறுவார்கள். ரூபாய்க்குத் தேய்மானம் ஒட்டாது. அங்கே மதிப்புச் சரிவு என்று எழுதுங்கள்.